சனிக்கிழமை ஆறரை மணி: குடியை விட்டவன் "இந்த நிமிஷத்தில்" இருப்பது எப்படி?

பனியன் ஊர்க்காரன்

வணக்கம். இன்றோடு 47 நாள். அதற்கு முன்னால் 16 வருஷம் குடித்தேன், கடைசி நாலு வருஷம் காலையிலேயே. திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். ஒரு மையத்தில் தங்கிச் சிகிச்சை எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அங்கே தினமும் காலையில் கண்ணை மூடி உட்காரவைத்து, "நேற்று வேண்டாம், நாளை வேண்டாம், இந்த நிமிஷத்தில் இருங்க" என்று சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளே இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்தபின் கைகொடுக்கவில்லை. எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். ஆறரை மணிக்குக் கவர் கைக்கு வரும். பணம் சட்டைப்பையில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறும், நெஞ்சுக்குழி இறுகும். போன வாரம் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்தி, சம்மணம் போட்டுக் கண்ணை மூடினேன். பாட்டில் மூடி திருகும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அப்புறம் கட்டாத சீட்டுப் பணம், மச்சினன் கல்யாணத்தில் நான் விழுந்து கிடந்தது எல்லாம் வரிசையாக வந்தன. ஐந்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. அன்றைக்குக் குடிக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் தியானம் இல்லை, மகள் நோட்டைக் கொண்டுவந்து கணக்குக் கேட்டாள், அவ்வளவுதான்.

நான் செய்வதில் தப்பா? இல்லை, இது ஏற்கெனவே மனசு அமைதியாக இருக்கிறவர்களுக்கு மட்டும்தானா?

கரையோரம்

தம்பி, முதலில் ஒன்று. மகள் கேட்ட கணக்கில் உட்கார்ந்தீங்க இல்லையா, அதுவே அந்த நிமிஷத்தில் இருந்ததுதான்.

நான் நாகப்பட்டினம் பக்கம், மீன்பிடிக் குடும்பம். விட்டு 9 வருஷம் ஆகிறது. எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். கரையிலிருந்து படகை இறக்கும்போது முதல் மூணு நாலு அலைதான் ஆபத்து, அதைத் தாண்டிவிட்டால் கடல் சமாளிக்கிற மாதிரி ஆகிவிடும். அலை வரும்போது அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, அதற்கு நேராகக் காட்ட வேண்டும். படகு ஏறும், இறங்கும், போய்விடும். பயந்து திருப்பினால் பக்கவாட்டில் அடி வாங்கிக் கவிழும்.

குடிக்கிற ஆசை வரும்போது நான் வருஷக்கணக்கில் படகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "வரக்கூடாது, வரக்கூடாது" என்று பல்லைக் கடிப்பேன், இல்லாவிட்டால் சினிமா பார்த்து மறக்கப் பார்ப்பேன். இரண்டிலும் அது பெரிதாகத்தான் ஆனது. பிறகு ஒருத்தர் சொல்லி அதை நேராகப் பார்க்கப் பழகினேன். உடம்பில் எங்கே இருக்கிறது? தொண்டையிலா, வயிற்றிலா, உள்ளங்கையிலா? சூடா, இறுக்கமா, துடிப்பா? ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா, இறங்குகிறதா? கடிகாரத்தையும் பார்த்தேன். முதல் தடவை 25 நிமிஷம். சாகிற மாதிரி இருந்தது, ஆனால் இறங்கியது. அது தானாக இறங்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் ஒருமுறைகூட நான் அதை இறங்க விட்டதில்லை. பாதியிலேயே ஊற்றிவிடுவேன்.

அப்புறம், கண்ணை மூடாதீங்க. அலையைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்ட முடியாது.

மலர் (ஆலோசகர்)

ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் 14 வருஷமாக ஆலோசகராக இருக்கிறேன். கரையோரம் அண்ணன் சொன்னதைத்தான் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மார்லாட் என்ற உளவியலாளர் சிகிச்சையாகவே ஆக்கினார். அவரும் அலையைத்தான் உவமையாகச் சொன்னார்: ஆசையை அடக்காதே, அதற்கு இரையும் போடாதே, அதன் மேலேயே ஏறிச் சவாரி செய்.

ஊர்க்காரரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 16 வருஷம் சம்பளக் கவர் வந்த கையோடு குடி வந்திருக்கிறது. கவரும் ஆறரை மணியும் மூளைக்கு மணியடித்த மாதிரி. குடி வரப்போகிறது என்று அது முன்கூட்டியே உடம்பைத் தயார்செய்கிறது. எச்சிலும் இறுக்கமும் அதுதான். நீங்கள் பலவீனமானவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மணி அடித்தும் குடி வராத ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த முடிச்சு கொஞ்சம் தளரும். அவிழ்ந்தே போய்விடாது, தளரும்.

தப்பு நேர்ந்தது எங்கே என்றால், வெள்ளம் வந்தபிறகு நீச்சல் பழகப் பார்த்தீர்கள். ஆசை இல்லாத நேரத்தில், தினம் பத்து நிமிஷம் பழக வேண்டும். சம்மணம் கட்டாயம் இல்லை. குடியை விட்டுச் சில நாளே ஆனவர்களுக்குக் கண்ணை மூடினால் பழைய காட்சிகள் பாய்ந்து வருவது ரொம்பச் சாதாரணம். அடிபட்டு வளர்ந்தவர்கள், பெரிய விபத்தைப் பார்த்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதனால் நான் கண்ணைத் திறந்தபடி, பாதத்திலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். செருப்பைக் கழற்றித் தரையில் கால் வையுங்கள். தரை குளிர்ச்சியா, மணல் நெருடுகிறதா, எடை குதிகாலிலா விரலிலா? மனசு ஓடும். ஓடியதைக் கவனித்தால் போதும், திரும்பக் காலுக்கு வாருங்கள். ஓடுவது தோல்வி என்று எண்ண வேண்டாம், திரும்பி வருவதுதான் பயிற்சியே.

இன்னொன்று. நீங்கள் ஓவர்லாக் ஓட்டுகிறவர். கத்தி ஓடிக்கொண்டிருக்க, விரலுக்கும் ஊசிக்கும் நடுவில் துணி மட்டும் இருக்கும்போது மனசு எங்கே இருக்கிறது? அந்தக் கவனம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக யாரும் தரவேண்டியதில்லை.

பழைய தோழர்

மதுரை. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவுகிற அமைப்பு) கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து 22 வருஷம். தம்பியின் மேல் இருக்கிற அக்கறையில் கொஞ்சம் கசப்பாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

"தியானம் போதும், கூட்டம் வேண்டாம்" என்று போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் இன்று உயிரோடு இல்லை. பார்க்கிற மனசும் குடிக்கிற மனசும் ஒரே மனசுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். "சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லியே அது கடை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்விடும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசித்தான் குடிக்காமல் இருந்தார்கள். இந்த இயக்கம் பிறந்ததே அப்படி. தனியாக ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொள்வது நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல இடம் இல்லை.

வள்ளலார் சொன்னதாகச் சொல்வார்களே, பசித்திரு, தனித்திரு, விழித்திரு என்று. ஞானிக்கு மூன்றும் சரி. குடியை விட்டவனுக்கு முதல் இரண்டும் விஷம். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் ஒன்று இருந்தாலே சறுக்கல் பக்கத்தில் நிற்கிறது என்று கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்வோம். சனிக்கிழமை ஆறரைக்குத் தம்பிக்கு நாலுமே இருக்கும். முதலில் நாலு இட்லி சாப்பிடட்டும், பிறகு அலையைப் பார்க்கலாம். சம்பளக் கவரைக் கையில் வாங்காமல் இருக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலர் (ஆலோசகர்)

ஐயா, இட்லி விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கூட்டம் வேண்டாம் என்று நானும் சொல்லவே மாட்டேன். குடியிலிருந்து மீள உங்கள் ஏஏ சொல்கிற 12 படிகளில் பதினோராவது படியிலேயே பிரார்த்தனையோடு தியானமும் இருக்கிறது. "இன்று மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதும் இந்த நிமிஷத்தில் இருப்பதற்கான ஏற்பாடுதான், அளவுதான் ஒரு நாள்.

ஒரு தகவல் சொல்கிறேன், இரண்டு பக்கத்துக்கும் உதவும். மார்லாட்டோடு வேலை செய்த சாரா போவனும் மற்றவர்களும் 286 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வந்தது. சிலருக்கு 8 வாரம் இந்தக் கவனப் பயிற்சி, சிலருக்குச் சறுக்கலைத் தடுக்கும் வழக்கமான பயிற்சி, மற்றவர்களுக்கு 12 படி முறையை ஒட்டிய வழக்கமான கவனிப்பு. ஆறாவது மாதத்தில் பயிற்சி பெற்ற இரண்டு கூட்டமும் வழக்கமான கவனிப்பை விட நன்றாக இருந்தது. ஒரு வருஷ முடிவில் கவனப் பயிற்சி எடுத்தவர்கள் போதை எடுத்த நாட்கள் மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் முதல்கட்ட சிகிச்சையை முடித்து வந்தவர்கள். இதை நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். இது சிகிச்சைக்குப் பின்னால் வருகிற பயிற்சி, சிகிச்சைக்குப் பதிலாக வருவது கிடையாது.

பனியன் ஊர்க்காரன்

59ஆம் நாள். எல்லாருக்கும் நன்றிங்க. பெரியவர் சொன்னபடி மத்தியானமே கட்டிக்கொடுத்த சோற்றில் கொஞ்சம் எடுத்துவைத்து ஐந்து மணிக்குச் சாப்பிட்டேன். கவரை வாங்க வீட்டுக்காரியை வரச்சொல்லக் கூச்சமாக இருந்தது, பக்கத்து மிஷின் நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரே வீடுவரை கூட வந்தார்.

மலர் அக்கா சொன்ன மிஷின் விஷயத்தைத்தான் நான் அதிகம் செய்து பார்த்தேன். 20 வருஷமாக ஓட்டுகிறேன், ஒருநாளும் சத்தத்தைக் கேட்டதில்லை. பீஸின் தொடக்கத்தில் ஒரு சத்தம், வளைவில் ஒரு சத்தம், முடிவில் நூல் தனியாக ஓடும்போது வேறு சத்தம். ஒரு பீஸ் முழுக்கக் கூடவே இருக்கப் பார்த்தேன். நூறில் ஏழெட்டுத்தான் முடிந்தது. ஆனால் ஆசை வந்தபோது "இதோ நெஞ்சுக்குழி" என்று முதல்முறையாக அதைத் தனியாக அடையாளம் கண்டேன். அதுவரை "நான் குடிக்கணும்" என்று மட்டும்தான் தெரியும். அன்றைக்கு 18 நிமிஷம் ஆனது.

ஒரு சந்தேகம். தினமும் கடை இருக்கிற தெரு வழியாகவே போய்க் கவனித்துப் பழகினால் சீக்கிரம் விட்டுப்போகுமா?

கரையோரம்

வேண்டவே வேண்டாம் தம்பி. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றின அன்றைக்குப் படகை இறக்கிப் பழகுவார்களா? சுற்றுவழியில் போங்க. முதல் ஒரு வருஷம் நான் மூணு தெரு சுற்றித்தான் வீட்டுக்குப் போனேன்.

பழைய தோழர்

இதில் நானும் கரையோரமும் ஒரே கட்சி. கடை எங்கேயும் ஓடிப்போகாது. 2003இல் அரசே சில்லறைக் கடை நடத்த ஆரம்பித்ததிலிருந்து எந்த ஊரிலும் அதைப் பார்க்காமல் தப்பிக்கவும் முடியாது. நீங்கள் தேடிப் போகாமலே போதுமான அளவு எதிரில் வரும்.

கடை லீவு நாளுக்கு முந்தின இரவு வரிசையைக் கவனித்திருப்பீர்கள். நானும் அதில் நின்றவன்தான். நாளைக்குக் கிடைக்காதே என்று இன்றைக்கே இரண்டு நாளுக்கு வாங்குவேன், அத்தனையையும் அன்று இரவே குடிப்பேன். காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் எல்லாம் எனக்கு முந்தின நாள் பயமாகத்தான் தெரியும். நாளைக்காகக் குடித்துக் குடித்தே எத்தனை இன்றைக்குப் போயிற்று என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வாசல் விளக்கு

குடிக்கிறவரின் மனைவியாக எழுதலாமா தெரியவில்லை. சேலம். என் கணவர் விட்டு ஏழு மாதம்.

நீங்கள் எல்லாரும் உங்கள் உடம்பில் வருகிற அலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கும் வருகிறது. எட்டு மணி தாண்டி பைக் சத்தம் கேட்கவில்லை என்றால் கை சில்லிட்டுப்போகும். வந்ததும் கதவைத் திறக்கிற சாக்கில் வாசனை பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். ஒரு நாள் அவர் வாயைத் திறந்து "ஊதட்டுமா?" என்று கேட்டுவிட்டு அழுதார். அன்றைக்கு நானும் ஏழு மாதம் முன்னால் இருந்த இரவில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்று புரிந்தது. அவர் முன்னால் நிற்கிறார், தெளிவாக நிற்கிறார், நான் பழைய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பைக் வரும்வரை வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். ஒவ்வொரு காம்பாக. பயம் வரத்தான் செய்கிறது, வந்தால் "பயம் வந்திருக்கு" என்று சொல்லிக்கொள்கிறேன்.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை ஆரம்பித்த சாந்தி ரங்கநாதன் அம்மாவே கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980இல் அந்த அமைப்பைத் தொடங்கியிருக்கிறார். அங்கே குடும்பத்துக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது, நம் கஷ்டம் தெரிந்த ஒருத்தர் யோசித்திருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது.

இன்னொன்று பெண்களுக்காக. முன்பு ஒரு உறவினர், குடியை நிறுத்துகிற மாத்திரையைப் பொடித்து அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொன்னார். நல்லவேளை டாக்டரிடம் கேட்டேன். டைசல்ஃபிராம் அது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து என்றார். யாரும் செய்துவிடாதீர்கள்.

கீழக்கரைக்காரன்

ஒரு கேள்வி, தப்பாக எடுக்க வேண்டாம். நான் ஐவேளை தொழுகிறவன், விட்டு ஐந்து மாதம். இந்தப் பயிற்சி பௌத்தத்திலிருந்து வந்தது என்கிறார்கள். நான் செய்யலாமா?

மலர் (ஆலோசகர்)

வேர் பௌத்தம்தான், மறைக்க வேண்டியதில்லை. 1979இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் தீராத வலிக்காரர்களுக்காக இதைக் கற்றுக்கொடுத்தபோது, மந்திரமோ வழிபாடோ இல்லாமல் அமைத்தார். ஆனாலும் உங்கள் மனசுக்கு ஒப்ப வேண்டும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் முழங்கையில் ஓடுவதை முழுசாகக் கவனித்தாலே போதும், நாளுக்கு ஐந்து முறை பயிற்சி ஆகிவிடும்.

கீழக்கரைக்காரன்

இது போதும் சகோதரி. அவசரமாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரட்டைப் பாலம்

நான் 212 நாளுக்குப் பிறகு சறுக்கியவன். விபஸ்ஸனா தியானத்தின் பத்து நாள் பயிற்சிக்குப் போகலாம் என்று இருந்தேன், திருமுடிவாக்கத்தில் சென்னை மையம் இருக்கிறதே, அங்கே. மார்லாட் கூட்டத்தாரும் முதலில் சியாட்டிலில் சிறைவாசிகளுக்கு நடந்த அந்தப் பயிற்சியைத்தான் ஆராய்ந்தார்கள் என்று படித்தேன், விடுதலைக்குப் பிறகு அவர்களுக்குக் குடியும் போதையும் குறைந்திருந்ததாம். அதற்கு முன்பே ஒரு நண்பனின் வீட்டு விசேஷத்தில் ஒரு கட்டிங். ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றைவிட அடுத்த பத்து நாள்தான் என்னை அழித்தது. "எல்லாம் போச்சு, இனி எதற்கு" என்று குடித்தேன். 212 நாளையும் நானே குப்பையில் போட்டேன். இப்போது திரும்ப 19ஆம் நாள். பத்து நாள் பயிற்சிக்கு இப்போதே போகட்டுமா?

மலர் (ஆலோசகர்)

திரும்பி வந்தீர்களே, அதற்கு வணக்கம்.

முதலில் பயிற்சி. அங்கே விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், நாளுக்குப் பத்து மணி நேரம்போல உட்கார வேண்டும், யாரோடும் பேசக்கூடாது. 19 நாளில் உடம்பே இன்னும் ஆறவில்லை. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள், விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஒரு வருஷம் போகட்டும் என்பது என் கருத்து.

"எல்லாம் போச்சு" என்பதைப் பற்றி மார்லாட் நிறைய எழுதியிருக்கிறார். முதல் மடக்கு செய்கிற கேட்டைவிட, அதற்குப் பிறகு வருகிற குற்ற உணர்ச்சிதான் ஆளைத் திரும்ப முழுக்குடிக்குத் தள்ளுகிறது என்பது அவர் கண்டது. இந்தப் பயிற்சி மிகவும் உதவுகிற இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன். அந்தக் கட்டிங்கை வைத்த நிமிஷத்துக்கு அடுத்த நிமிஷம் ஒன்று இருந்தது. அதில் "வெட்கமாக இருக்கிறது, முகம் எரிகிறது" என்று பார்த்துவிட்டு ஒருவருக்குப் போன் செய்திருக்கலாம். அடுத்த முறை, அப்படி ஒன்று வரவே கூடாது, வந்தால் அந்த நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்.

பழைய தோழர்

212 நாள் குப்பையில் இல்லை தம்பி. அத்தனை நாள் ஈரலுக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது, வீட்டில் அத்தனை இரவு சண்டை இல்லாமல் போயிருக்கிறது. கூட்டத்துக்கு வாருங்கள்.

பனியன் ஊர்க்காரன்

83ஆம் நாள். இந்தச் சனிக்கிழமை கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தபோது எதுவும் வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரவில்லை என்பதே தெரிந்தது. அடுத்த வாரம் வரலாம். கால் இரண்டையும் பஸ் தரையில் வைத்துக்கொண்டு, இன்ஜின் அதிர்ச்சி பாதத்தில் ஏறுவதைக் கவனித்தபடியே வந்தேன். மகளுக்கு வேர்க்கடலை வாங்கினேன், சூடாக இருந்தது.

மூன்றாம் ஷிப்ட்

இப்போதுதான் இதைக் கண்டுபிடித்துப் படித்தேன். தினம் ஒரு ஃபுல் அடித்துக்கொண்டிருந்தவன். நேற்றுக் காலை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். கை ரொம்ப நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது, பக்கத்தில் போனால் இல்லை. கரையோரம் சொன்ன மாதிரி அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இறங்கிவிடுமா? எத்தனை நிமிஷம்?

கரையோரம்

தம்பி, இது அந்த அலை இல்லை. பார்த்துக்கொண்டிருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி.

மலர் (ஆலோசகர்)

தம்பி, மூச்சுப் பயிற்சி எதுவும் இப்போது வேண்டாம். அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனம் குழம்பி உயிருக்கு ஆபத்தாகலாம். இல்லாத பூச்சி தெரிவது அதற்கான எச்சரிக்கை. மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து இறக்க வேண்டும், பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலேயே செய்வார்கள். 108க்கு அடியுங்கள். தனியாகப் போகாதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எப்போது என்று அங்கே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு ஆலோசனைக்கு 14446 இருக்கிறது, அது பிறகு.

பனியன் ஊர்க்காரன்

அண்ணா, வீட்டில் யார் இருக்காங்க? எனக்கும் மையத்தில் முதல் மூன்று நாள் ஊசியும் மாத்திரையும்தான், தியானமெல்லாம் அப்புறம்தான் வந்தது. பக்கத்து வீட்டுக் கதவையாவது தட்டுங்க. பதில் போடுங்க.

பனியன் ஊர்க்காரன்

அண்ணா?

மூன்றாம் ஷிப்ட்

மச்சான் வந்துட்டான். 108 சொல்லியாச்சு. அவன்தான் டைப் பண்றான், எனக்குக் கை நிக்கல. செருப்புப் போடாம வாசல்ல நிக்கிறேன். தரை சுடுது.